மடுவில் நட்ட மூங்கில்

ஆள் இல்லாத இடம் யாருக்கும் வேண்டாத இடம் என்று ஐம்பத்தோரு வயது வரை நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை. அரசு முத்திரை விழப்போகும் ஒரு பதிவேட்டில் என் கையெழுத்திலேயே எழுதிவைக்கும் அளவுக்கு நம்பினேன். 'இந்த மடுவைப் பயன்படுத்துவோர்' என்ற கட்டத்துக்கு நேரே 'யாருமில்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். கோடு எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனுஷனுக்கு அவ்வளவு நிச்சயம்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். துவாக்குடிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று இருபது வருடம் பாடம் எடுத்தவன் நான். அது அலுத்துப்போன சமயத்தில், ஆற்றங்கரைகளைக் காப்பாற்ற வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் பயிற்றுநர் தேடியது. ஆற்றைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். "ஸ்ரீரங்கத்துல இருக்கேங்க. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல நான்" என்றேன். சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள். என் தகுதி மொத்தமும் அந்தச் சிரிப்புதான்.

கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் ஊராட்சி. அங்கே மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன பறவை, எதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சொல்லி நிரப்ப வேண்டிய பெரிய நோட்டு அது. அதற்கு ஊர்க்காரர்களைத் தயார் செய்வது என் வேலை. காகிதத்தில் 'உள்ளூர் மக்களின் திறன் வளர்ப்பு' என்று போட்டிருக்கும். 'அனைவரையும் உள்ளடக்கிய இயற்கைப் பாதுகாப்பு' என்று ஒரு பேனரும் அடித்தோம். அதில் 'அனைவரையும்' என்ற சொல் மட்டும் சமுதாயக் கூடத்தின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை நீண்டது.

வகுப்பு புதன்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் யாரால் வர முடியுமோ அவர்கள் வந்தார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மகளிர் குழுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஊராட்சி எழுத்தர். ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் விடியுமுன் இறங்கி, பிடித்ததைக் கரையேற்றி, பதினொரு மணிக்கு ஒன்று விற்றுக்கொண்டிருப்பார்கள் அல்லது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை, பயிற்றுநர்.

தை மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்து, மணல் முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது. பதிவேட்டுக்காக என் வகுப்புக்காரர்களை அழைத்துக்கொண்டு ஆற்றில் நடந்தேன். கரை வளைந்து உள்வாங்கும் ஓரிடத்தில் நாணல் சூழ்ந்த மடு ஒன்று இருந்தது. ஆறு வற்றினாலும் வற்றாத ஆழம். நீர்நாய் இருக்கும் மடு என்று எழுத்தர் சொன்னார். ஓரத்து ஈர மணலில் கால்தடங்களைக் காட்டினார். மற்றபடி ஓர் ஆள் இல்லை, ஒரு வலை இல்லை, ஒரு பரிசல் இல்லை. ஆற்றிலிருந்து மடுவுக்குத் தண்ணீர் வரும் வாயில் மட்டும் ஒரு மூங்கில் நட்டிருந்தது. அதன் உச்சியில் கிழிந்த வலைத்துண்டு ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"யாராவது கட்டியிருப்பாங்க சார்" என்றார் மகளிர் குழுப் பெண் ஒருவர்.

"யாரு? ஆத்துக்குக் கண்ணு பட்டுடும்னு திருஷ்டி கட்டியிருக்காங்களா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார். அன்று முழுவதும் நடந்த பேச்சில் உருப்படியான ஒரே சொல் அந்த 'யாராவது'தான். அதை என் சிரிப்பால் அழுத்தி மணலில் புதைத்தேன்.

பிறகு, நிறுவனத்துக்குப் படம் அனுப்ப வேண்டுமே என்று, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். மூங்கிலைப் பிடுங்கினேன். சுலபமாக வரவில்லை, ஆழமாக நட்டிருந்தார்கள். இரண்டு முறை ஆட்டி, மூன்றாவது முறை மார்போடு அணைத்துப் பிடுங்கினேன். வகுப்பு கைதட்டியது. மூங்கிலைத் தோளில் வைத்தபடி பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டேன். வலைத்துண்டு குப்பைச் சாக்குக்குள் போனது. பதிவேட்டில் 'மாசு' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: 'மூங்கில் ஒன்று, கந்தல் வலை. அகற்றப்பட்டது.' அதற்கு மேலே, பயன்படுத்துவோர் கட்டத்தில், நான் முதலில் சொன்ன அந்த 'யாருமில்லை'யும் கோடும்.

பத்து நாள் கழித்து எழுத்தர் போனில் கூப்பிட்டார். மடுவில் ஒரு நீர்நாய்க் குட்டி செத்துக் கிடக்கிறது, வலையில் மாட்டியிருக்கிறது, வருகிறீர்களா என்றார்.

போனேன். குட்டியை மணலில் கிடத்தியிருந்தார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும். மீசை மயிர்களில் மணல் ஒட்டியிருந்தது. நைலான் வலை கழுத்தைச் சுற்றி, பிறகு முன்னங்காலைச் சுற்றி, திரும்பவும் கழுத்துக்கு வந்திருந்தது. மூச்சுக்கு மேலே வரப் பார்த்து, முடியாமல் போயிருக்கிறது. வலைக்கு உரியவர்கள் யார் என்று தெரியவில்லை. வனத்துறை ஆட்கள் வந்து, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு, குட்டியை ஒரு சாக்கில் வைத்து எடுத்துப்போனார்கள். நாணலுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. தாய் கூப்பிடுகிறது என்றார் எழுத்தர்.  

ஊராட்சித் தலைவர் நல்ல மனிதர். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

"இனிமே விடக்கூடாது சார். சுத்தி வேலி போட்டுடுவோம். ஒரு ஓரமா மேடை கட்டிட்டா, ஜனங்க வந்து நின்னு நீர்நாயப் பாத்துட்டுப் போகட்டும். மீன்காரங்க ஒருத்தரும் உள்ள எறங்கக்கூடாது. உங்க பதிவேட்டுலயே யாரும் பயன்படுத்தலைன்னு இருக்குல்ல?"

"இருக்குங்க" என்றேன்.

"அப்பறம் என்ன? தண்ணீர் தினத்துக் கிராம சபையில தீர்மானம் வெச்சுடுறேன்."

அதற்கு அடுத்த புதன்கிழமை வகுப்பில், பதிவேட்டின் பக்கங்களைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பக்கத்தில் புகைப்படங்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது, அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலை முந்தானை ஈரமாக இருந்தது.

"உள்ள வாங்கம்மா. விரால் இருக்கா? நம்ம பதிவேட்டுல விரால் எண்ணிக்கை கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன் மைக்கில்.

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேராகச் சுவருக்கு வந்து, ஒவ்வொரு தாளாகப் படித்தார். மடுவின் தாளில் விரலை வைத்தார்.

"பயன்படுத்துவோர் யாருமில்லைன்னு எழுதியிருக்கு."

"ஆமாங்க."

"அப்ப நான் யாரு சார்?"

மைக்கை வாயிலிருந்து எடுக்க எனக்குத் தோன்றவில்லை. "சொல்லுங்கம்மா" என்ற என் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது.

அவர் சொன்னார். அந்த மடுவில் ஏழு வீட்டுக்காரர்கள் முறை வைத்து மீன் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்பது நாள். வருடத்துக்கு ஒரு வீடு முதலில் தொடங்கும். தையில் நீர்நாய் குட்டியோடு இருக்கும்போது யாரும் இறங்க மாட்டார்கள்.

"பாவ புண்ணியம் பாத்துன்னு நெனச்சுக்காதீங்க. குட்டி இருக்கிறப்ப தாய்க்கு வெறி. வலை போட்டா நாராக் கிழிச்சுடும். அதுவுமில்லாம, மூணு மாசம் மடுவ விட்டாதான் மீனு பெருக்கும். அதுக்குத்தான் வாயில மூங்கி நட்டு, பழைய வலையக் கட்டி விடுறது. மூங்கி நின்னா மடு மூடியிருக்குன்னு அர்த்தம். மேல ஊரு, கீழ ஊரு எல்லாத்துக்கும் தெரியும். ஒருத்தன் கை வெக்க மாட்டான். இந்த வருசம் எந்தப் புண்ணியவானோ புடுங்கிட்டுப் போயிட்டான். மூங்கி இல்ல, மடு தெறந்தாச்சுன்னு வெளியாளுங்க வலை விட்டுட்டுப் போயிருக்காங்க. குட்டி செத்துப்போச்சு. இப்ப பழி எங்க மேல."

"வேற மூங்கில் நடலியா?" என்றார் ரயில்வே பெரியவர்.

"குட்டி செத்த அன்னிக்கே நட்டுட்டோங்க. ஆனா வேலி வரப்போவுதாம்ல? எனக்குப் பரிசல் இல்ல. வீட்டுக்காரரு போனப்பறம் அத வெச்சு ஓட்ட ஆளில்ல, குடுத்துட்டேன். மீனவர் சங்கத்து அட்டையும் அவரு பேருலதான் இருந்துச்சு. மத்தவங்க பரிசல எடுத்துக்கிட்டு மேல போவாங்க, கீழ போவாங்க. நடந்து எறங்கி வலை போடற எடம் எனக்கு அந்த மடு ஒண்ணுதான். இந்த வருசம் மொத முறையே என்னுது. ஏழு வருசம் கழிச்சு வருது."

என் பக்கம் திரும்பினார். "யாருமில்லைன்னு நீங்க எழுதினத வெச்சுத்தான் வேலி போடறாங்களாம். தலைவரு சொன்னாரு."

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மடுத் தாளுக்கு வலது பக்கத்தில், நான் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு இளிக்கும் படம் ஒட்டியிருந்தது. அது நினைவுக்கு வந்த கணத்தில் என் உடம்பு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டது. மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, படத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். "முக்கியமான கருத்து. குறிச்சுக்கிறேன்" என்றேன். மீதி வகுப்பு முழுவதையும் சுவரோடு ஒட்டியபடியே எடுத்தேன். இடுப்பில் பிடிப்பா சார் என்று கேட்ட பெண்மணிக்கு, ஆமாம், பழைய பிடிப்பு என்றேன். தேநீர் இடைவேளைக்கும் நகரவில்லை. என் டம்ளரைச் சுவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மீன்காரப் பெண் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று போய்விட்டார்.

அன்று மாலையிலிருந்து மூன்று நாள் எனக்கு நடந்ததை நோய் என்றுதான் சொல்ல வேண்டும். ராஜினாமாக் கடிதம் மூன்று எழுதினேன். மூன்றிலும் காரணம் இடுப்புப் பிடிப்பு. வனத்துறை ஜீப் எங்கள் சந்துக்குள் வருவது போலவும், நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிவது போலவும் விழித்துக்கொண்டே கனவு கண்டேன். தொட்டி என்னை மறைக்குமா என்று மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். வயிறு வெளியே தெரியும்.

"என்னங்க, வாசலுக்கும் கொல்லைக்கும் புறப்பாடு நடக்குது?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை நிறுத்தவில்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியாது. முதுகால மறைச்சுட்டேன்."

"மறைச்சுட்டீங்க" என்றாள்.  அது போதுமானதாக இருந்தது.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் போனில் பாதியைச் சொன்னேன். "இவ்வளவு பெரிய பதிவேட்டுல ஒரு வரி சார். அடுத்த தடவை புதுப்பிக்கிறப்ப திருத்திக்கலாம். மூங்கில் கதையெல்லாம் எதுக்கு இப்போ கிளப்பறீங்க?" என்றார். நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை ரசம் கூட வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்ததால் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் திரும்பி நிற்பதற்குள் கூட்டம் படியை மொய்த்தது. இந்த வயதிலும் என் கைக்கு அந்த வித்தை மறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக வீசினேன். சரியாக மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம் விழுந்தது. வெற்றியோடு நிதானமாக ஏறி உள்ளே போனால், என் துண்டைச் சுருட்டிக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், எந்திரிங்க. அது என் சீட்டு."

"சீட்டுல யாருமில்லையே சார்."

"யாருமில்லையா? துண்டு கெடந்துச்சுல்ல? கண்ணு தெரியல?"

"துண்டுதான கெடந்துச்சு."

"துண்டு கெடந்தா ஆள் இருக்குன்னு அர்த்தங்க! இது கூடத் தெரியாம எந்த ஊர்லேர்ந்து பஸ் ஏற வந்தீங்க? அதை எடுத்து வீச உங்களுக்கு யார் சார்..."

அங்கே நின்றுவிட்டது.  பஸ்ஸே என்னைப் பார்த்தது. உட்கார்ந்திருந்தவர் பயந்துவிட்டார் போல, எழுந்தார்.

"சரி சார், வாங்க, உக்காருங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சே."

"பரவால்லைங்க. நீங்களே உக்காருங்க."

"இவ்வளவு சண்டை போட்டீங்களே?"

"போட்டேங்க" என்றேன்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். துண்டு கையில் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சாலையோரத்தில், நீலத் தார்ப்பாய் விரித்து அந்த மீன்காரப் பெண் விற்றுக்கொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே பரிசல்காரர்கள் பிடித்துக் கொடுத்த கெண்டை, அவருடையது இல்லை. மடு மூடியிருக்கிற மாதங்களில் அப்படி வாங்கி விற்பதுதான் அவர் பிழைப்பு. கூட்டம் இருந்தது. நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன வேணும் சார்?"

"ஒண்ணு சொல்லணும்மா."

"மொதல்ல மீனச் சொல்லுங்க. பின்னாடி ஆளு நிக்குது."

"கெண்டை. ஒரு கிலோ." பிறகு, அவர் செதில் சீவத் தொடங்கியதும், ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்த பேச்சு மொத்தமும் போய், ஒரே மூச்சில் கொட்டினேன்: "அந்த மூங்கிலப் புடுங்கினது நான்தான். குப்பைன்னு நெனச்சேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும் சார்."

"தெரியுமா?"

"உங்க போட்டோவுல பல்லு அத்தனையும் தெரியுதே. தோள்ல என் மூங்கி. நான் கட்டின முடிச்சு. அதப் பாத்துட்டுத்தான் சுவத்துக்கிட்டயே வந்தேன். நீங்க ஓடிப்போய் முதுக வெச்சு மறைச்சீங்க."

எனக்குப் பின்னால் நின்றவர், "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்.

"இருங்கண்ணே, சார் மனசு விட்டுப் பேசறாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் குரலை இறக்கினார். எரிச்சல் இல்லை, கோபமும் பெரிதாக இல்லை, களைப்புதான் தெரிந்தது.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல? அத்தனை பேரு இருந்தாங்களே."

"சொல்லி? மீன்காரி குட்டியக் கொன்னுட்டு, பாடம் எடுக்க வந்தவரு மேல பழி போடறான்னுவாங்க. நான் சொன்னா அது சண்டை சார். நீங்க சொன்னாத்தான் நோட்டுல ஏறும்." சீவிய மீனைப் பையில் போட்டு நீட்டினார். "கிராம சபையில சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"சிரிக்க வெக்காம சொல்லுங்க."

தண்ணீர் தினத்துக் கிராம சபை பள்ளிக்கூட வளாகத்தில், ஷாமியானாவுக்குக் கீழே. நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன்.  மூங்கில் பிடுங்கிய படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அது நான் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

மீனவர்கள் ஏழு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நாற்காலிகள் இருந்தும் பின்னால் நின்றார்கள். மீன்காரப் பெண் ஓரத்தில், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். "மேற்படி மடுவை எவரும் பயன்படுத்தவில்லை எனப் பதிவேட்டின் வாயிலாகத் தெரியவருவதால்..." என்று வந்தபோது நான் எழுந்தேன்.

மைக் கைக்கு வந்ததும் என் வாய் பழக்கப்படி ஒரு நகைச்சுவையைத் தேடியது. ஒன்று அகப்பட்டும் விட்டது; நல்லதுதான். பந்தலே சிரிக்கும். சிரித்தால் எல்லாம் லேசாகிவிடும். நான் உட்கார்ந்துவிடலாம். பின்வரிசையில் அவரைப் பார்த்தேன். அதை விழுங்கினேன்.

"அந்த வரி தப்பு. எழுதினது நான். மடு வாயில இருந்த மூங்கில், மடு மூடியிருக்குன்னு மீனவர்கள் வெச்ச அடையாளம். அதைக் குப்பைன்னு பிடுங்கிப் போட்டதும் நான்தான். அதனாலதான் வெளியாளுங்க வலை போட்டாங்க. குட்டி செத்துச்சு. இவங்க யாரும் காரணமில்லை."

படத்தை எடுத்துத் தலைவரின் மேசையில் வைத்தேன்.  பிறகு நடுவரிசையில் யாரோ, "சாரே புடுங்கினாராம்டா" என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் விரும்பாமல் வாங்கிய முதல் சிரிப்பு அது.

"சார், இதெல்லாம் தனியாச் சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர். முகம் சிவந்திருந்தது. பிறகு பின்னால் பார்த்து, "சரி, மடு உங்களுதுன்னா முறை என்ன, யார் யாருன்னு சொல்லுங்க, எழுதட்டும்" என்றார்.

மீன்காரப் பெண் முன்னால் வந்து ஏழு வீட்டையும் வரிசையாகச் சொன்னார். நாலாவது வீட்டைச் சொல்லும்போது ஒருவர் குறுக்கிட்டார்.

"யக்கா, நாலாவது நாங்க. அவங்க அஞ்சு."

"போன சுத்துல நீ கல்யாணத்துக்குப் போயி முறைய மாத்திக்கிட்டியே, மறந்துபோச்சா?"

"அது ஒரு தடவைக்கு மாத்தினது."

"ஒரு தடவ மாத்தினா மாத்தினதுதான்டா. உங்கப்பன் வெச்ச சட்டம்."

பந்தலுக்குள்ளேயே பத்து நிமிடம் சண்டை நடந்தது. எழுத்தர் இரண்டு முறை அடித்து எழுதினார். நான் ஒன்றரை வருடம் வகுப்பு எடுத்தும் அந்த நோட்டுக்குள் வராத ஒரு சட்டம், அந்தப் பத்து நிமிடத்தில், அடித்தல் திருத்தலோடு வந்து சேர்ந்தது. 

ரயில்வே பெரியவர் மட்டும் விடவில்லை. "எல்லாஞ் சரிம்மா. வேலி இருந்தா எவனும் வலை போட முடியாதுல்ல? குட்டி சாகாதுல்ல? அதுக்கென்ன சொல்றே?"

"ஐப்பசியில தண்ணி வந்தா மூங்கியும் போவும், உங்க வேலியும் போவுங்கய்யா. தையில நாங்க திரும்பி மூங்கி நட்டுடுவோம். வேலிய யாரு வந்து நடுவா?"

பெரியவர் உட்கார்ந்தார். சம்மதித்தாரா என்று தெரியவில்லை. இப்போதும் என்னைப் பார்த்தால் வேலியைப் பற்றிப் பேசுகிறார்.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஜீப் வரவில்லை. நிறுவனத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். வகுப்பைப் புதன் பதினொரு மணியிலிருந்து எடுத்து, காலை ஏழு மணிக்கு, வலை காயும் மணல் திட்டுக்கு மாற்றினோம். மைக் கிடையாது. நோட்டு என் கையில், பேசுவது அவர்கள்.

வேலித் தீர்மானம் நிறைவேறவில்லை. பதிவேட்டில் 'யாருமில்லை' அடிக்கப்பட்டு, ஏழு வீடுகளும் முறை வரிசையோடு எழுதப்பட்டன. முதல் பெயர் மீன்காரப் பெண்ணுடையது. 'மாசு' என்ற தலைப்பின் கீழிருந்த மூங்கில், 'பாதுகாப்பு முறைகள்' என்ற தலைப்புக்குப் போனது. புதிதாக நட்ட மூங்கில் பங்குனி கடைசி வரை மடு வாயில் நின்றது. பிறகு அவர்களே அதை எடுத்தார்கள். அவர் தன் முறைக்கு ஒன்பது நாள் இறங்கி மீன் பிடித்தார். கெளுத்தி அதிகம், விரால் கொஞ்சம்.

தாய் நீர்நாய், குட்டி செத்த மூன்றாம் நாளே மிச்சமிருந்த குட்டிகளை இழுத்துக்கொண்டு மடுவை விட்டுப் போயிருந்தது. அந்த வருடம் அது திரும்பி வரவில்லை.